பகல் ரோந்து

போன மாதம் பெருங்களத்தூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். எனக்கில்லை, தங்கை மகளுக்கு. புரோக்கர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும் அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. பூட்டிக் கிடந்த வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெந்து காய்ந்த சிமெண்ட், குளியலறைக் குழாய் வழியாக ஏறி வரும் வறண்ட சாக்கடை, பல்லி முட்டை, பழைய பெயிண்ட். அன்றைக்கு அவற்றோடு மெல்லிசாக எலுமிச்சை சாதமும் மணத்தது. நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும்மா இருப்பாங்க? பொங்கல்லேர்ந்து பூட்டியே கெடக்குது."

அவர் தோளில் தொங்கிய பையில் டிபன் பாக்ஸ் இருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். பாவம், மனிதருடைய மதியச் சாப்பாடு. சிரிப்பு வந்தது, ஆனால் கால் உள்ளே போக மறுத்தது. காற்றோட்டம் போதாது என்று ஏதோ சொல்லித் திரும்பிவிட்டேன். அந்த வீட்டில் ஜன்னல்களுக்குக் குறைச்சலே இல்லை.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் அலைமகள் நகரைச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. பெயரைக் கேட்டு ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மனை போட்டு விற்றவர்கள் வைத்த பெயர் அது. அவர்களுடைய விளம்பரத் தாளில் நீச்சல் குளமும் பூங்காவும் புல்தரையில் பந்து விளையாடும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் இருந்தன. நேரில் போனால் மணல், நெருஞ்சி, மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். கிழக்கே சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல்.

கல்யாணமான புதிதில், இரண்டாயிரத்து எட்டில், நாங்கள் அங்கே குடி போனோம். கணவருக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை என்று வாடகைக்கு ஒரு மாடி வீடு. எனக்குச் சிறுசேரியில் ஒரு கால்சென்டரில் இரவு ஷிஃப்ட். விடிகிற நேரத்தில் கேப் என்னை இறக்கிவிடும். நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆபீஸ் பஸ் வந்துவிடும். புது மாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வோம், ஷிஃப்ட் மாறும் வாட்ச்மேன்கள் மாதிரி.

அவர் போனதும் படுத்துவிடுவேன். உச்சி வெயிலில் விழிப்பு வரும். அந்த விழிப்பைத்தான் சொல்ல வருகிறேன். நான் செங்கல்பட்டு ஜங்ஷனை ஒட்டிய தெருவில் வளர்ந்தவள். மின்சார ரயில் வந்து நிற்கும் சத்தமும், எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்ற அறிவிப்பும்தான் என் தாலாட்டு. அலைமகள் நகரில் பகல் என்றால் ஒன்றுமே இல்லை. எல்லோரும் சம்பளக்காரர்கள். தேனி, கும்பகோணம், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்து, கடன் வாங்கி வீடு கட்டி, காலையில் அதைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் தெருவில் ஒரு தலை தெரியாது. கொடிகளில் சட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். சாலையோரச் சிற்பக் கொட்டகையிலிருந்து கல் அறுக்கும் மெஷின் சத்தம் வரும். அதுவும் நின்றால் கடல். கடல் சத்தம் இனிமை என்று சொல்பவர்கள் ஆளில்லாத பகலில் அதைத் தனியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பட்டப்பகலில் மூலை வீட்டில் திருடு போனது. டிவி, கேஸ் சிலிண்டர், ஒரு வெண்கலக் குத்துவிளக்கு. யாரும் பார்க்கவில்லை, பார்க்க யார் இருந்தார்கள்? நான் இருந்தேன். மூன்று வீடு தள்ளி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் வேதாசலம் சார். மின் நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், பேசும்போதே கையால் ஏதோ திருகுவார். கூட்டத்தில் கலா எழுந்து, "எங்க வீட்டு வராண்டாவுல இருந்த நாற்காலி ஒண்ணையும் காணும் சார். செவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பாப்பா அதுல வாத்து ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருந்தா" என்றாள்.

கலா எங்கள் எதிர் வீடு. கும்பகோணத்துப் பெண். மாமல்லபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, மகளும் அங்கேயே ஒன்றாம் வகுப்பு. கணவர் பாஸ்கர், தேனிக்காரர், சிறுசேரியில் ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில் வேலை. நான் கேபிலிருந்து இறங்கும் நேரத்தில் அவர் கழுத்தில் அடையாள அட்டை, பளபளக்கும் ஷூ, கையில் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருப்பார். "குட்நைட்டா குட்மார்னிங்கா?" என்று கேட்பார். தினமும் அதே ஜோக். தினமும் நான் சிரிப்பேன்.

"எல்லாத்தையும் விட்டுட்டு ஒத்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போற திருடன் எவன்?" என்று யாரோ சொல்ல, ஒரு சிரிப்பலை எழுந்தது. வேதாசலம் சார் சிரிக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு செக்யூரிட்டி கம்பெனி இருக்கிறது, ஆள் வைத்து ரோந்து விடலாம் என்றார். பாஸ்கர் மட்டும், "போடறதுன்னா ராத்திரிக்குப் போடுங்க சார். பகல்ல எதுக்கு?" என்றார். திருட்டு நடந்ததே பகலில்தானே என்று எல்லோரும் ஒரே குரலில் மடக்க, அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படித்தான் எங்கள் நகருக்குப் பகல் ரோந்து வந்தது. முதலில் வந்தவர் முனுசாமி. காக்கிச் சட்டை அவருக்கு ஒரு சுற்றுப் பெரிது. சைக்கிளில் ஒவ்வொரு தெருவாகப் போய், முனையில் இறங்கி, கம்பால் கரண்டு கம்பத்தை ஒரு தட்டுத் தட்டி விசில் ஊதுவார். இரவில் கேட்டால் ஆறுதலாக இருக்கும் சத்தம். உச்சி வெயிலில், ஆளே இல்லாத தெருவில், அந்த விசில் யாரைக் கூப்பிடுகிறது என்று தோன்றும். பாதித் தூக்கத்தில் கேட்டு, என்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு.

கிழக்குக் கோடியில், தோப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வீடு இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் ஒருவர் கட்டியது. கிரகப்பிரவேசம் முடிந்ததும் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். சாவி வேதாசலம் சாரிடம். என் மாடியிலிருந்து பார்த்தால் அதன் பின்பக்க ஜன்னல் தெரியும். ஒருநாள் துணி எடுக்கும்போது அந்த ஜன்னல் ஒரு கையகலம் திறந்திருந்தது. மடித்து வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூடியிருந்தது, காற்றடித்தும் அசையவில்லை. காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று ஜன்னலை மூடலாம், ஆனால் கொக்கி போடுமா என்ற கேள்வி பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரமே முனுசாமி வேர்க்க விறுவிறுக்க எங்கள் படியேறி வந்தார்.

"யம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா. அந்தக் கோடி வூட்ல எவனோ பேசிகினுகீறான்."

"யாரு?"

"யாருன்னு இன்னாத்த சொல்றது? பூட்டு பூட்டுனாப்புலயே கீது. உள்ளேர்ந்து பேச்சு வர்து. அதுவும் இங்கிலீஸ்ல."

விஷயம் பரவியது. திருடன் என்று சொன்னவர்களே இங்கிலீஷ் என்றதும் குழம்பிப் போனார்கள். இரண்டு நாளில் முனுசாமியே அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் பழைய டச்சுக் கோட்டை இருக்கிறது அல்லவா, அதில் புதைத்த துரை ஒருவன்தான் கடல் காற்றுக்கு இங்கே வந்து தங்கியிருக்கிறானாம். டச்சுக்காரன் எதற்கு இங்கிலீஷில் பேசுகிறான் என்று என் கணவர் கேட்டார். "தொரைன்னா அல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் முனுசாமி. வார முடிவில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அடுத்து வந்தவர் அவரை விடத் திடகாத்திரமான ஆள். அவர் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

அப்புறம்தான் செல்வி வந்தாள். ஆண்கள் யாரும் வர மாட்டேன் என்றதால் கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பியது. சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, தலையில் தொப்பி, தொப்பிக்குக் கீழே கனகாம்பரம். கருங்குழியில் பிறந்தவள். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடியிருந்தாள். கணவன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். வேதாசலம் சாருக்குப் பெண் காவலாளி என்றதும் முகம் சுருங்கியது. "பயந்துக்க மாட்டியேம்மா?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு தண்ணி போட்டுகினு வரப்போ பாக்காத பேயா சார்?"

நடுப்பகலில் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். நான் பாதித் தூக்கத்தோடு காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். எனக்கு அப்போது இருந்த ஒரே சிநேகிதி அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது. கால்சென்டரில் நான் வெள்ளைக்காரர்களிடம் என் பெயர் ஜூலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜூலியக்கா" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள், விசில் ஊதாமல் படியேறி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஜூலியக்கா, கூட வா. அது பேசிகினுகீது. எனக்கு இங்கிலீஸ் வராது. நீ வந்து கேட்டு சொல்லு."

எனக்குப் போக மனமில்லை. இருந்தாலும் போனேன். அவள் தனியாகப் போவாள் என்பது தெரிந்ததால் போனேன். தோப்பு வழியாகச் சுற்றி, சவுக்கு இலைச் சருகில் சத்தம் வராமல் நடந்து, அந்தப் பின்பக்க ஜன்னலுக்கு அடியில் போய் நின்றோம். சுவர் கொதித்தது. ஜன்னல் கையகலம் திறந்திருந்தது. உள்ளிருந்து பூட்டிய வீட்டு வாசனை வந்தது, அதோடு எலுமிச்சை சாதத்தின் வாசனையும். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆண் குரல். தணிந்த, மரியாதையான இங்கிலீஷ். எட்டு வருஷ அனுபவம், குழுவோடு சேர்ந்து வேலை செய்வதில் விருப்பம், எந்த ஊருக்கும் வரத் தயார். நிறுத்தும். எதிரில் யாரோ கேள்வி கேட்பதைக் கவனிப்பது போல அவ்வளவு நேரம் மௌனம். மறுபடி பதில். "யெஸ் சார், ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்." மறுபடி மௌனம். எதிராளியின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு, இன்டர்வியூ முடிந்து எழும்போது சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. நாற்காலி தரையில் கிரீச்சிட்டது.

நான் செல்வியின் காதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் குரல் தமிழுக்கு மாறியது.

"கலா, ஒண்ணு சொல்லணும். பதறாத."

பிறகு அதே வரி, கொஞ்சம் சாதாரணமாக, சிரித்துக்கொண்டு சொல்வது போல. "கலா, ஒண்ணு சொல்லணும், பதறாத." பிறகு மெதுவாக. பிறகு கிட்டத்தட்ட கோபமாக. அந்தச் சின்ன வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாக அந்த இருட்டு அறைக்குள் யாரோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்நைட்டா குட்மார்னிங்கா என்று தினமும் காலையில் என்னைக் கேட்கும் குரல். உண்மையாகவே ஒரு டச்சுத் துரை எட்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தோப்புக்குள் வந்ததும் செல்வி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். "எதுத்த வூட்டு சாரா?"

நான் தலையாட்டினேன். அமெரிக்காவில் ஏதேதோ பேங்க் விழுந்து, சிறுசேரியில் தளம் தளமாக நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. வீடு கட்டும்போது மஸ்கட்காரருக்காக மேற்பார்வை பார்த்தவர் பாஸ்கர்தான் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்கதவுச் சாவி ஒன்று அவரிடமே தங்கிவிட்டிருக்க வேண்டும். காலையில் ஷூவும் அட்டையுமாகப் புறப்பட்டு, சாலைவரை நடந்து, தோப்பு வழியாகத் திரும்பி வந்து, மாலை பஸ் வரும் நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"கலாகிட்ட சொல்லிடலாம் செல்வி."

"வாணாங்க்கா. அந்தாளு சொல்லிப் பாத்துகினுகீறாரு. அவரு வாயாலதான் அது வரணும். நாம போயி சொல்ட்டா, அப்பால அந்த மனுசன் எந்த மூஞ்ச வெச்சிகினு வூட்டுக்குப் போவாரு? பக்கத்துல கடலு வேற கீது."

கடல் என்று அவள் சொன்ன பிறகு கலா வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

ஆனால் வேதாசலம் சாருக்கு இதெல்லாம் தெரியாதே. மஸ்கட்டுக்குப் போன் போட்டு அனுமதி வாங்கிவிட்டார். சித்திரையில் திருக்கழுக்குன்றம் தேரன்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, ஊரில் நாலு பேர் இருப்பார்கள், அன்றைக்குத் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு. செல்வியிடம், "யாராவது உள்ள இருந்து நீ புடிக்காம விட்டதாத் தெரிஞ்சுது, கம்பெனியையே மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேருக்கு முதல் நாள் செல்வி என்னை மறுபடி அந்த ஜன்னலடிக்குக் கூட்டிப் போனாள். இந்தத் தடவை சருகு நொறுங்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஜன்னல் பக்கத்தில் நின்று காது கிழிகிற மாதிரி விசில் ஊதினாள். உள்ளே பேச்சு நின்றது.

"நாளிக்கிக் காலைல இந்த வூட்டத் தொறக்கறாங்கக்கா" என்றாள் என்னைப் பார்த்து, அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரலில். "செகரட்டரி சாரு ஆள இட்டுகினு வராரு. தேரு லீவு பாரு, அல்லாரும் வூட்லதான் இருப்பாங்க."

"அப்படியா" என்றேன். எனக்கு நடிக்க வராது.

நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கியதும் பின்னால் ஜன்னல் மெல்ல மூடியது. கொக்கி விழும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பாஸ்கர் வழக்கம்போல ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் கேபிலிருந்து இறங்கினேன். அவர் ஜோக் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்துவிட்டு நடந்தார்.

வேதாசலம் சார் கதவைத் திறந்தபோது நாங்கள் பத்துப் பேராவது இருந்திருப்போம். கலாவும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். உள்ளே ஹாலில் தரை பளிச்சென்று பெருக்கியிருந்தது. நடுவில் இரண்டு நாற்காலிகள். எதிரெதிராக, முழங்கால் இடிக்கும் தூரத்தில். ஒன்று சிவப்பு, முதுகில் வாத்து ஸ்டிக்கர். மற்றது பழைய மர நாற்காலி. வேறு ஒன்றுமே இல்லை. டிவியும் குத்துவிளக்கும் குவிந்து கிடக்கும் என்று நினைத்து வந்தவர்கள் அந்த இரண்டு நாற்காலிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"ரெண்டு பேரா இருந்திருக்கானுங்க" என்றார் வேதாசலம் சார், குரலைத் தாழ்த்தி. கை அனிச்சையாக எதையோ திருகியது.

கலா நாற்காலியைப் பார்க்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் போயிருந்தாள். ஜன்னல் திண்டில் எலுமிச்சை விதைகளும் கறிவேப்பிலைக் காம்புகளும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு ஓரத்தில் உலர்ந்து சுருங்கியவை, இன்னொரு ஓரத்தில் நேற்றையவை, இன்னும் ஈரம் போகாதவை. சாதத்திலிருந்து விதையைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசை வைத்துச் சாப்பிடும் ஒரு மனிதருக்குத்தான் அவள் தினமும் டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையை மூடிக்கொண்டாள்.

"சார், பூட்டிடுங்க" என்றாள். "போலீஸெல்லாம் வேண்டாம். இந்த நாற்காலி எங்களுதுதான். நான் எடுத்துட்டுப் போறேன்."

வேதாசலம் சாரே அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். பொய் சொல்ல முடியவில்லை. உடனே அவர் போனுக்குப் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. ஆபீஸுக்குப் போட்டாள். அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை என்றார்கள். மார்கழியிலிருந்தே இல்லையாம்.

கடற்கரைக்குத்தான் முதலில் ஓடினோம். மீனவக் குப்பத்துப் பெண்கள் அன்றைய மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷூ போட்ட ஒருவரைப் பார்த்தீர்களா என்று கலா கேட்ட விதத்தில் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். "இல்லியே தாயி. இந்தாண்ட யாரும் வர்ல" என்றாள். மணலில் ஷூத் தடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே வடக்கும் தெற்கும் நடந்தோம். அலை வந்து எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே இருந்தது. கலா கடலைப் பார்க்கவே இல்லை, மணலை மட்டும் பார்த்தாள்.

சாயங்காலம் செல்விதான் செய்தி கொண்டுவந்தாள். அவள் கணவன் காலையில் ஒரு ஆளைச் சதுரங்கப்பட்டினம் கோட்டை வாசலில் இறக்கிவிட்டானாம். கழுத்தில் அட்டை மாட்டிய ஆள். "ஆபீஸ் போறவர் மாரி இருந்தாரு, கோட்டையாண்ட இன்னா ஆபீஸ் கீதுன்னு நெனச்சிகினேன்" என்றானாம். அதே ஆட்டோவில் நாங்கள் மூன்று பேரும் ஏறிக்கொண்டோம்.

அந்தக் கோட்டைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ. பெரிதாக ஒன்றுமில்லை. இடிந்த செங்கல் மதில், தானியம் கொட்டி வைத்த நீண்ட அறைகள், ஒரு மூலையில் டச்சுக்காரர்களின் சமாதிகள், அவற்றின் மேல் செதுக்கிய மண்டையோடுகள். வெயில் சாய்ந்து செங்கல் சிவந்து கிடந்தது. மூடப் போகிறோம் என்ற காவலரைச் செல்வி தன் காக்கிச் சட்டையைக் காட்டிப் பேசிச் சமாளித்தாள். நீண்ட அறை ஒன்றிலிருந்து அந்தக் குரல் வந்தது. "யெஸ் சார். ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்." நடுவே அதே மௌனம். நானும் செல்வியும் வாசலிலேயே நின்றுவிட்டோம். கலா மட்டும் உள்ளே போனாள்.

குரல் நின்றது.

"கலா, ஒண்ணு சொல்லணும். பதறாத."

"பதறல. சொல்லுங்க."

அவரால் மேலே போக முடியவில்லை. நாங்கள் வெளியே காத்து நின்றோம். இத்தனை மாதமாக அந்த முதல் வரியை மட்டுமே அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் என்ன என்று அவருக்குத் தெரியவே இல்லை.

"வேலை போயிடுச்சு. அதானே?" என்றாள் கலா. "எழுந்திரிங்க. பாப்பா தேடுவா."

அதன் பிறகு கேட்ட அழுகையைக் கேட்கக் கூடாதென்று செல்வி என்னைச் சமாதிகள் பக்கம் இழுத்துப் போய்விட்டாள்.

கோடை விடுமுறையில் அவர்கள் தேனிக்குக் கிளம்பினார்கள். அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் அவருக்கு வேலை கிடைத்து, பிறகு கோயம்புத்தூருக்கு மாறி நன்றாகவே இருக்கிறார்கள் என்று கேள்வி. சாமான் ஏற்றும் நாளில் பாஸ்கர் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தன் கையாலேயே லாரியில் வைத்தார். நான் விளையாட்டாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "இன்னொண்ணை அங்கேயே விட்டுட்டீங்களே?" என்றேன்.

"எந்த இன்னொண்ணு?"

"எதிர்ல போட்டிருந்தீங்களே, அந்த மர நாற்காலி."

அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். "அது நான் போடலைங்க. நான் முதல்ல போனப்பவே அது அங்க இருந்துச்சு. சுவத்தைப் பார்த்த மாதிரி. என் நாற்காலியை நான் ஜன்னல்கிட்டதான் போட்டேன்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "தினமும் போறப்ப ரெண்டும் எதிரெதிரா இருக்கும். நான்தான் முந்தின நாள் நகர்த்திட்டு மறந்துட்டேன்னு நினைச்சுக்குவேன்."

மஸ்கட்காரர் தான் ஒரு சாமானும் வைக்கவில்லை என்று வேதாசலம் சாரிடம் சத்தியம் செய்தார். கொத்தனார் விட்டுப் போனதாக இருக்கும் என்று எல்லோரும் பேசி முடித்தோம். இருக்கலாம். ஆனால் செல்வி அதற்குப் பிறகு அந்தக் கோடியில் மட்டும் விசில் ஊதாமல் திரும்பி வந்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

நகருக்குச் சுற்றுச்சுவரும் கேட்டும் வந்ததும் ரோந்தை நிறுத்திவிட்டார்கள். செல்வி சிறுசேரியில் பெண்கள் நுழையும் வாசலில் பை சோதிக்கும் வேலைக்குப் போனாள். இரவு ஷிஃப்டுக்கு நுழையும்போது என் பையைத் திறந்து, "போ ஜூலி" என்பாள். பிறகு எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, நான் வேலையை விட்டேன், அவளுடைய நம்பர் மாறியது.

போன வருஷம் மாமல்லபுரம் போன வழியில் அந்தப் பக்கம் திரும்பினேன். சவுக்குத் தோப்பு இல்லை. கோடி வீடும் இல்லை, கோடியே இல்லை. தெருவெல்லாம் எடுத்துவிட்டு அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவை கடலைக்கூட மறைத்துவிட்டன, சத்தம் கேட்கவில்லை. மனைக்கற்களும் சைக்கிளும், கம்பத்தைத் தட்டும் ஓசையும், பகல் விசிலும், அதைக் கேட்டுத் திடுக்கிட்டு எழ ஒரு ஆளும் இல்லை. கேட்டில் நின்ற இளம் காவலாளி வடக்கத்திக்காரர். தமிழ் நன்றாகவே பேசினார். "யாரைப் பார்க்கணும் மேடம்?" என்று போனை நீட்டிப் பிடித்தார். குடியிருப்பவர் பெயரைச் சொன்னால் அதில் வருமாம்.

வேதாசலம் என்றேன். தட்டிப் பார்த்து, இல்லை என்றார். கலா என்றேன். ஒரு கலா இருந்தாள், வேறு கலா. பாஸ்கர் இல்லை. எனக்கு ஏதோ தோன்றி என் பெயரையே சொன்னேன். அவர் மற்றவற்றைப் போலவே சிரத்தையாகத் தட்டினார். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல யாரும் இல்லை மேடம். முன்னாடியும் இருந்ததில்லை."

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. என்னைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அவர் கேட்டைத் திறக்கப் போனார்.